கணையத்தின் அருங்கட்டிகளும் அவற்றின் பெயர்களும்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகக் கிடக்கும் ஒரு சுரப்பியைத் தமிழகத்தார் கணையம் என்று வழங்குகின்றனர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதுவே சதையி எனப்படும். இந்தி நூல்கள், தீயின் உறைவிடம் என்னும் பொருள்பட, அக்னியாசயம் என்று எழுதுகின்றன. பண்டைக் கிரேக்கர் இட்ட பெயரோ ‘முழுதும் சதை’ என்னும் பொருளுடையது. இலங்கைச் சொல்லும் அப்பொருளை ஒட்டியே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஓர் உறுப்புக்கு நான்கு பெயர்கள் இருப்பதால் நோயாளிக்கு யாதொரு தீங்கும் இல்லை. நான்கு நோய்களுக்கு ஒரே பெயர் இருப்பதுதான் தீங்கு.

பெயரைப் பற்றிய இத்தகைய கேள்விகள் புதுடில்லி ஆர்.கே.புரத்துக்குப் புதியவை அல்ல. 1961-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, டி.எஸ். கோத்தாரி அவர்களை முதல் தலைவராகக் கொண்டிருந்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் பல்லாண்டுகளாக இயங்கி வந்துள்ள இடம் அங்குள்ள மேற்குத் தொகுதிக் கட்டடமே. டில்லித் தமிழ்ச் சங்கமும் அதே பகுதியில்தான் அமைந்துள்ளது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் சப்தர்ஜங் மருத்துவமனையும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் ஒரே சாலையின் இரு பக்கங்களில் நிற்கின்றன. சொல்லை ஆக்குவோரும், அச்சொல் குறிக்கும் பொருளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்போரும் இவ்வளவு அண்மையில் இருந்தும், கணையக் கட்டிகளைப் பொறுத்தவரையில் மக்களிடம் போய்ச் சேர்ந்திருப்பது ‘கணையப் புற்று’ என்னும் ஒரே சொல்தான்.

அச்சொல் ஒரு தீர்ப்பைப் போல ஒலிக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. கணையத்தில் தோன்றும் புற்றுநோய்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் அதன் நாளங்களிலிருந்து பிறக்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவ்வகை வயிற்றின் ஆழத்தில் ஓசையின்றி வளர்ந்து, தெரியவரும்போது பெரும்பாலும் அறுவைக்கு எட்டாத நிலையை அடைந்திருக்கும். அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் 2025-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கணையப் புற்று கண்டவர்களில் ஐந்தாண்டு உயிர் வாழ்வோர் நூற்றுக்கு 13 பேரே. ஆகவே அச்சொல்லைக் கேட்ட குடும்பம் நம்பிக்கை இழப்பதில் வியப்பில்லை. ஆனால் எஞ்சிய வகைகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுள் சில, அறுவை செய்து முழுவதும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பி வாராதவை. சில, பல ஆண்டுகள் மெல்ல நடப்பவை. சில, வேறு மருந்துக்கு இணங்குபவை. இருபது வயதுப் பெண்ணின் வயிற்றில் தேங்காயளவு கட்டி ஒன்று படத்தில் தெரிந்தவுடன், திசுவைச் சோதிக்கும் முன்பே ‘கணையப் புற்று’ என்று எவரேனும் சொல்லிவிட்டால், அவளை வீட்டுக்கு அழைத்துச் சென்று தெய்வத்திடம் ஒப்படைத்துவிடும் குடும்பம் இந்நாட்டில் அரிதன்று. அக்கட்டி, வேரோடு எடுத்தால் பெரும்பாலும் குணமாகக்கூடிய வகையாகவே இருந்திருக்கக்கூடும்.

நுண்ணோக்கி ஒரு தீர்ப்பை மாற்றிய நிகழ்ச்சி உலகறிந்தது. அமெரிக்கக் கணிப்பொறித் தொழிலதிபர் ஸ்டீவ் ஜாப்ஸ் அவர்களுக்கு 2003-ஆம் ஆண்டு படத்தில் கணையக் கட்டி தெரிந்தபோது, மருத்துவர்கள் சில திங்களே எஞ்சியுள்ளன என்னும் கருத்தில் பேசினர். அன்று மாலை, வாய்வழியே உள்நோக்கியைச் செலுத்தி, ஊசியால் சில உயிரணுக்களை எடுத்து நோக்கியபோது, அது அறுவையால் குணமாகக்கூடிய அரிய வகை என்று தெரியவந்தது. நுண்ணோக்கியின் முன் இருந்த மருத்துவர்கள் கண்ணீர் விட்டனர் என்று அவரே 2005-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கூறினார். இந்நிகழ்ச்சியின் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அவர் பல மாதங்கள் உணவுமுறை போன்ற பிற வழிகளை நாடியபின், 2004-ஆம் ஆண்டு நடுவிலேயே அறுவை செய்துகொண்டார். 2009-இல் கல்லீரல் மாற்று அறுவை நிகழ்ந்தது. 2011 அக்டோபரில் காலமானார். அரிய வகை என்பது ஆபத்தற்ற வகை என்று பொருள்படாது. அது வேறு நோய், வேறு நடை, வேறு மருத்துவம் என்பதே பொருள்.

இவ்வேற்றுமையை உணர்வதற்குக் கணையத்தின் அமைப்பை நினைவிற் கொள்ள வேண்டும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் கரும்பலகையில் வரைவதுதான் அது. செரிமான நீரைச் சுரக்கும் உயிரணுக்கள் திராட்சைக் கொத்துப்போல் அமைந்துள்ளன. அந்நீரைக் குடலுக்குக் கொண்டுசெல்ல நாளங்கள் கிளைத்துச் செல்கின்றன. இவற்றிடையே, கடலில் தீவுகள்போல், இன்சுலின் முதலிய ஹார்மோன்களை நேரே குருதியில் விடும் உயிரணுத் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. இத்திட்டுகளை 1869-ஆம் ஆண்டு பெர்லினில் மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அவற்றின் பணி யாது என்பது அவருக்குத் தெரியாது. நாளத்திலிருந்து ஒரு வகைக் கட்டி, கொத்திலிருந்து ஒரு வகை, திட்டிலிருந்து ஒரு வகை என இம்மூன்றையும் அதே கரும்பலகைப் படத்தில் மாணவருக்குக் காட்டிவிடலாம். பாடநூலில் கணையத்தின் இரட்டைப் பணியை மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு, அந்த இரட்டைப் பணியே இரு வேறு நோய்களின் பிறப்பிடம் என்று ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் பாடம் உயிர்பெறும்.

இம்மூன்றிலும் அடங்காத நான்காம் வகை ஒன்று உண்டு. எந்த உயிரணுவிலிருந்து அது தோன்றுகிறது என்பது இன்றளவும் துணியப்படவில்லை. நியூயார்க்கு கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வர்ஜீனியா நீலண்டு ஃபிரான்ட்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1959-ஆம் ஆண்டு அதனைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். அது தீதற்றதா, தீயதா என்னும் ஐயத்தையும் அவர் அப்போதே எழுப்பினார். அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் ஒருவர் ஒரு பெயரும் மற்றொருவர் மற்றொரு பெயரும் இட்டு வழங்க, 1996-இல் உலக சுகாதார நிறுவனம் சாலிட் சூடோபாப்பிலரிக் கட்டி என்று ஒரு பெயரை உறுதி செய்தது. பொய்ம்முகிழ்க் கட்டி என்று அதனைத் தமிழில் விளக்கலாம்.

இப்பெயர் நுண்ணோக்கியில் காணும் காட்சியிலிருந்தே பிறந்தது. கட்டியின் உயிரணுக்கள் தொடக்கத்தில் நெருங்கி நிரம்பியிருக்கும். ஆனால் அவை ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் வலிமை இழந்தவை. மெல்லிய குருதிக் குழாயை அடுத்திருப்பவை மட்டும் உயிரோடு ஒட்டி நிற்க, தொலைவில் உள்ளவை உதிர்ந்துவிடும். எஞ்சுவது, நடுவில் ஒரு நுண்குழாயும் அதைச் சுற்றி ஓரிரு வரிசை உயிரணுக்களும் கொண்ட காம்புகள். பார்வைக்கு அவை முளைத்தெழுந்த முகிழ்கள்போல் தோன்றும். உண்மையில் அவை முளைத்தவை அல்ல, சுற்றியிருந்தவை உதிர்ந்ததால் மிஞ்சியவை. இலைகள் கொட்டிய மரக்கிளையைக் கண்டு புதிதாய்த் துளிர்த்த கிளை என்று மயங்குவதை ஒத்தது இது. உட்கருவில் காப்பிக் கொட்டையின் நடுக்கோடு போன்ற பள்ளம், உயிரணுவுக்குள் கண்ணாடி மணிபோன்ற உருண்டைகள், பழைய குருதிக் கசிவின் அடையாளமாக நுரைத்த உயிரணுக்கள், கொலஸ்டிரால் படிகம் கரைந்த ஊசி வடிவப் பிளவுகள் ஆகியன துணைச் சான்றுகள். இவையனைத்தும் ஹீமடாக்ஸிலின், இயோசின் என்னும் பழைய சாயங்களிலேயே தெரியும் என்பதைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும்.

இக்கட்டி கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பெண்கள். அவர்களுள் பலர் இளவயதினர். நூற்றுக்கு 10 முதல் 15 பேரிடம் அது கல்லீரல் முதலிய பிற இடங்களுக்குப் பரவக்கூடும். ஆயினும் முற்றிலும் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டோர் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கின்றனர். மேலே சொன்ன 13-ஐயும் இந்த 95-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது எத்தகைய பிழை என்பது விளங்கும்.

இதன் காரணமும் இப்போது தெரிந்துள்ளது. பீட்டா-கெட்டெனின் என்னும் புரதம் இயல்பாக உயிரணுவின் விளிம்பில் இருந்து, அண்டை உயிரணுவோடு ஒட்டிக்கொள்ள உதவுகிறது. அதனை ஆக்கும் மரபணுவில் நேரும் மாறுதலால், அப்புரதம் சிதையாமல் தேங்கி உட்கருவுக்குள் புகுந்துவிடுகிறது. அப்புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளுக்கு நிறமேற்றித் திசுவின் மேல் இட்டால், உட்கருக்கள் பழுப்பு நிறமாகத் தோன்றும். அந்த ஒரு நிறம் கிடைத்தால், முன்சொன்ன காட்சியோடு சேர்த்து, ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் எதிர்ப்பொருள் நிறமேற்றும் முறையையே தனிப்பெரும் சான்றாகக் கொள்வோர் ஒரு பள்ளத்தில் விழுகின்றனர். திட்டு உயிரணுக் கட்டிகளைக் காட்டும் சினாப்டோஃபைசின் என்னும் நிறமேற்றம் பொய்ம்முகிழ்க் கட்டியிலும் ஓரளவு தோன்றக்கூடும். அதை மட்டும் பார்த்து முடிவு செய்தால், ஒரு நோய் மற்றொரு நோயாகிவிடும். குரோமோகிரானின் என்னும் மற்றொரு நிறமேற்றம் பொய்ம்முகிழ்க் கட்டியில் பொதுவாகத் தோன்றாது. திட்டுக் கட்டியில் பெரும்பாலும் தோன்றும். ஆகவே ஒன்றைக் கண்டு துணியாமல், இரண்டு மூன்றை ஒப்பிட்டு, அவற்றைப் பழைய சாயத்தின் காட்சியோடும் நோயாளியின் வயதோடும் பொருத்திப் பார்ப்பதே முறை. விலையுயர்ந்த நிறமேற்றப் பொருள்கள் மாவட்ட மருத்துவமனையில் இல்லையே என்று வருந்துவோர் இதிலிருந்து ஓரளவு ஆறுதல் பெறலாம். முதல் ஐயத்தை எழுப்புவது கூர்ந்த கண். நிறமேற்றம் அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கே உதவுவது. ஐயமே எழாத இடத்தில் எந்த எதிர்ப்பொருளும் பயன்படாது.

திட்டு உயிரணுக் கட்டிகளின் உட்கரு உப்பும் மிளகுப்பொடியும் கலந்து தூவினாற்போல் தோன்றும். உயிரணுக்கள் கூடுகளாகவும் நாடாக்களாகவும் அமைந்திருக்கும். அவை எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பதை அறிய, கி-67 என்னும் புரதம் தோன்றும் உட்கருக்களை எண்ணுகின்றனர். நூற்றுக்கு 3-க்குக் கீழ் முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். இக்கணக்குக்குக் குறைந்தது 500 உயிரணுக்களையேனும் எண்ணவேண்டும். கண்ணளவில் மதிப்பிட்டுச் சொல்வது போதாது. கொத்து உயிரணுப் புற்று மிக அரிது. அதன் உயிரணுக்கள் செரிமானப் பொடிமணிகளால் நிறைந்து, உட்கருவில் ஒற்றை மணி தெளிவாக விளங்க நிற்கும். அதன் சில நோயாளிகளிடம் கொழுப்பைக் கரைக்கும் நொதி குருதியில் பெருகித் தோலடியில் முடிச்சுகளும் மூட்டுவலியும் உண்டாகும். சிறுவரிடம் காணும் பான்கிரியாட்டோபிளாஸ்டோமா என்னும் கட்டி இதனினும் அரிது. அதில் தட்டையான உயிரணுக்கள் சுழல்போல் திரண்ட சிறு தீவுகள் இருப்பதே அடையாளம்.

இந்நாட்டு நோயியல் வல்லுநர் இவற்றோடு மேலும் சில மயக்கங்களை எதிர்கொள்கிறார். கேரளத்திலும் தமிழகத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ள கணையக் கல் நோயில், சுரப்பி நார்த்தன்மை அடைந்து சுருங்குகிறது. கொத்து உயிரணுக்கள் அழிந்துபோக, திட்டுகள் மட்டும் நாரிடையே ஒன்றுகூடி நிற்கும். அனுபவம் குறைந்த கண் அதனைத் திட்டுக் கட்டி என்று கொள்ளும். அதே கல் நோய் உடையவர்களிடம் உண்மையான நாளப் புற்றும் மற்றவரைவிட மிகுதியாகத் தோன்றுகிறது என்பதால், கல் நோய் என்று தெரிந்துவிட்டாலும் கவனத்தைத் தளரவிட இயலாது. காசநோய் கணையத்தில் கட்டிபோல் அமர்வதும் உண்டு. அதற்கு அறுவை வேண்டியதில்லை, மருந்து போதும். உடல் தன்னைத்தானே தாக்குவதால் நேரும் ஒருவகைக் கணைய அழற்சி, ஸ்டீராய்டு மருந்தில் கரைந்துவிடக்கூடியதாயினும், படத்தில் புற்றுபோலவே காட்சியளிக்கும். இவையெல்லாம் திசுவைக் காணாமல் பெயரிடுவோரைத் தண்டிக்கும் நோய்கள்.

இனி, நுண்ணோக்கிக்கு வந்துசேரும் திசுவின் நிலையைப் பற்றிக் கூற வேண்டும். கணையம் தன்னையே செரித்துக்கொள்ளும் உறுப்பு. உடலிலிருந்து எடுத்தவுடன் அதன் நொதிகள் அதனைக் கரைக்கத் தொடங்கிவிடும். ஆகவே வெட்டியெடுத்த திசுவை உடனே, அதன் கன அளவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு 10 விழுக்காட்டு நடுநிலை ஃபார்மலினில் இடவேண்டும். ஊசித் திசுவாயின் இன்னும் விரைவு தேவை. தண்ணீரில் போட்டு மறுநாள் அனுப்பப்பட்ட துண்டிலிருந்து உலகின் தலைசிறந்த வல்லுநராலும் எதையும் கூற இயலாது. இது ஆய்வகத்தாரின் பணியல்லவா என்று களப்பணியாளர் கேட்கலாம். புட்டியை எடுத்துச் செல்வதும், பேருந்து தவறினால் அதனை ஓரிரவு வைத்திருப்பதும் பல ஊர்களில் இன்னமும் களப்பணியாளர் கையிலோ நோயாளியின் உறவினர் கையிலோதான் இருக்கின்றன. புட்டியோடு செல்லும் சீட்டில் வயது, பால், படத்தில் கட்டி எவ்வளவு பெரிது, எப்போது தொடங்கியது என்னும் நான்கு செய்திகள் இருந்தால், அவை மற்றொரு நிறமேற்றத்துக்குச் சமம். ‘வயிற்றுக் கட்டி’ என்று மட்டும் எழுதிய சீட்டு ஏறத்தாழ வெற்றுத்தாளே.

களப்பணியாளர் மட்டுமே முதலில் காணக்கூடிய கட்டியும் ஒன்று உண்டு. இன்சுலினை அளவின்றிச் சுரக்கும் திட்டுக் கட்டி பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. அதனை வெளிப்படுத்துவது நோயாளியின் நடத்தையே. விடியற்காலையில் அல்லது உணவு தாமதமாகும்போது குழப்பம், வியர்வை, சில வேளைகளில் வலிப்பு. சர்க்கரையோ பாலோ கொடுத்ததும் தெளிவு. இவ்வகைக் கட்டியை 1929-இல் டொராண்டோ நகரில் ராஸ்கோ கிரகாம் என்பவர் வெற்றிகரமாக அகற்றினார். 1935-இல் ஆலன் விப்பிள் என்பவரும், மேலே குறிப்பிட்ட ஃபிரான்ட்ஸ் அம்மையாரும் இதனைப் பற்றி விரிவாக எழுதினர். உண்ணாதிருக்கையில் குறி தோன்றுதல், அப்போது குருதியில் சர்க்கரை குறைந்திருத்தல், சர்க்கரை கொடுத்ததும் குறி நீங்குதல் ஆகிய மூன்றும் விப்பிள் பெயரால் வழங்குகின்றன. பேய் பிடித்தது என்று மந்திரிக்கப்பட்டும், வலிப்பு நோய் என்று ஆண்டுக்கணக்கில் மருந்து அளிக்கப்பட்டும் கிடக்கும் ஒருவரைப் பற்றி, ‘சாப்பிட்டால் தெளிகிறாரா?’ என்னும் ஒரு கேள்வியைக் கேட்பதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை.

இப்போது மீண்டும் பெயருக்கு வருவோர்க்கு இரண்டு வரலாறுகள் பயன்படும். மியூனிக் நகரத்து நோயியல் வல்லுநர் சீக்ஃபிரீட் ஓபெர்ன்டார்ஃபர் 1907-ஆம் ஆண்டு, சிறுகுடலில் மெல்ல வளரும் சில கட்டிகளுக்குப் ‘புற்றுப்போல்வன’ என்னும் பொருளில் கார்சினாய்டு என்று பெயரிட்டார். பின்னர் 1929-இல், அவை தீயனவாகவும் மாறக்கூடும் என்று அவரே தம் கருத்தைத் திருத்தினார். அப்பெயரோ திருந்தவில்லை. அது தரும் ஆறுதலை நம்பி, இவை தீங்கற்றவை என்று பல்லாண்டுகள் பலர் கருதினர். இனிய பெயரும் கொடிய பெயரைப்போலவே நோயாளிக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

மற்றொன்று இந்தியாவில் நிகழ்ந்தது. 2018 மார்ச்சுத் திங்களில் திரைப்பட நடிகர் இர்ஃபான் கான் தமக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக அறிவித்தார். கட்டி எவ்வுறுப்பில் என்று அவ்வறிக்கை கூறவில்லை. இவ்வகைக் கட்டிகள் கணையத்திலும் குடலிலும் நுரையீரலிலும் தோன்றக்கூடியவை. ஆனால் அது மூளைக் கட்டி என்று வதந்தி பரவியிருந்தது. நியூரோ என்பது எப்போதும் மூளையைக் குறிப்பதன்று என்று அவரே எழுதித் தெளிவுபடுத்த நேர்ந்தது. 2020 ஏப்ரலில் அவர் மும்பையில் காலமானார். படித்தவர் கையில் உள்ள ஆங்கிலச் சொல்லே இவ்வளவு மயக்கம் தருமாயின், அதனை ‘நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சிற்றூர்த் தாயிடம் கொடுத்தால் அவள் எதைப் புரிந்துகொள்வாள்? நரம்புத் தளர்ச்சி என்றே கொள்வாள்.

இங்குத்தான் கலைச்சொல் வல்லுநரிடையே கருத்து வேறுபாடு தோன்றுகிறது. எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்போர் ஒருபுறம். ஆங்கிலமே போதும், நோயாளிக்கு விளக்கம் எதற்கு என்போர் மறுபுறம். முதலாமவரின் மொழிப்பற்று போற்றத்தக்கது. ஆனால் ஒரு வகைக் கட்டிக்கு மூன்று தமிழ்ப் பெயர்கள் தோன்றுமாயின், ஃபிரான்ட்ஸ் கண்ட கட்டிக்கு நாற்பதாண்டுகள் நேர்ந்த குழப்பம் தமிழிலும் நேரும். இரண்டாமவர் கூற்று ஏற்கத்தக்கதே அன்று; தன் உடலில் இருப்பது யாதென அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஆர்.கே.புரத்து ஆணையம் தொடக்க முதலே கைக்கொண்ட ஒரு நெறி இங்கு வழிகாட்டும். தனிமங்கள், அளவைகள், ஆட்பெயரால் அமைந்த சொற்கள் முதலிய உலகப் பொதுச் சொற்களை மொழிபெயர்க்காமல் எழுத்துப்பெயர்த்து வழங்கலாம் என்பதே அந்நெறி. அருங்கட்டிகளின் பெயர்களையும் அவ்வரிசையில் சேர்ப்பது தகும். மருத்துவ அறிக்கையில் உலகப் பெயர் தமிழ் எழுத்தில் மாறாது நிற்கட்டும். அதன்கீழ், இது எங்கே தோன்றுவது, எப்படி நடப்பது, அடுத்துச் செய்ய வேண்டுவது யாது என்று எளிய தமிழில் மூன்று வரி எழுதப்படட்டும். பொய்ம்முகிழ் என்பது போன்ற தமிழாக்கங்கள் வகுப்பறையில் விளக்கத்துக்குப் பயன்படும்; நோயாளியின் கோப்பில் பெயராக நிற்க வேண்டியதில்லை. ‘புற்று’ என்னும் சொல்லையோ, திசுவை நோக்கியவர் கையொப்பமிடும் வரை எவரும் உச்சரிக்காதிருத்தல் நலம். அதுவரை ‘கணையத்தில் கட்டி’ என்பது உண்மையும் ஆகும், போதியதும் ஆகும்.

மொழி எதுவாயினும் மாறாத மற்றொரு பெயரும் இக்கட்டிகளுக்கு உண்டு, அது எண். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1981-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தில், கட்டியின் இடத்துக்கு ஒரு குறியீடும் நுண்ணோக்கித் தோற்றத்துக்கு ஒரு குறியீடும் இடப்படுகின்றன. உலகம் முழுவதும் வழங்கும் அப்பட்டியலில் கொத்து உயிரணுப் புற்றுக்கு 8550, பான்கிரியாட்டோபிளாஸ்டோமாவுக்கு 8971, பொய்ம்முகிழ்க் கட்டிக்கு 8452. பிந்தியதன் எண்ணுக்குப் பின்னால் வரும் நடத்தை இலக்கம் முதலில் ஐயத்துக்குரியது என்பதைக் காட்டும் 1 ஆக இருந்து, பின்னர்த் தீயது என்பதைக் காட்டும் 3 ஆக மாற்றப்பட்டது. ஃபிரான்ட்ஸ் எழுப்பிய ஐயத்துக்கு ஐம்பதாண்டு கழிந்து அளிக்கப்பட்ட விடை அது. அறிக்கையில் ‘தீய கட்டி’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் பதிவாளர் இடக்கூடிய எண் 8000 மட்டுமே. அந்த எண்ணுக்குள் நாளப் புற்று கண்ட முதியவரும் பொய்ம்முகிழ்க் கட்டி கண்ட இளம்பெண்ணும் வேறுபாடின்றிக் கலந்துவிடுவர். அறுவைக்குப் பின் பாரஃபின் மெழுகில் பதித்த திசுக் கட்டை மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டிருந்தால், ஆண்டுகள் கழிந்தபின்னும் அதிலிருந்து புதிய சீவல் எடுத்து அந்த எண்ணைத் திருத்த முடியும். மேல் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியிடம் கண்ணாடித் தகட்டை மட்டும் கொடுத்து அனுப்பாமல், கட்டையையும் கேட்டுப் பெறுமாறு களப்பணியாளர் சொல்லியனுப்ப வேண்டும். ஒரு தகட்டில் ஒரு நிறமேற்றமே இயலும், கட்டையிலிருந்தோ பல தகடுகள் ஆக்கலாம்.